முட்டி மாற்று ஆபரேசனுக்குப் பிறகு தடுமாறாமல் நிற்க, நடக்க, திரும்ப: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலோ ஈரோட்டிலோ ஆபரேசன் முடித்துக்கொண்டு கோபி, காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கம் வீடு திரும்புகிறவர்கள் முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சியை மட்டும் தவறாமல் செய்துவிடுகிறார்கள். நிற்பதற்கும் தனியாகப் பயிற்சி உண்டு என்றால் பலரும் நம்புவதில்லை. பிசியோதெரபி அறையில் ஓயாமல் வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். காலில் இவ்வளவுதான் எடை ஊன்ற வேண்டும் என்று உங்கள் சர்ஜன் கட்டுப்பாடு சொல்லியிருந்தால், அதைத் தளர்த்தும்வரை கீழே உள்ளவற்றைத் தொட வேண்டாம்.

டாக்டரே ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாருங்க. எக்ஸ்ரேவும் நல்லா இருக்குது. அப்புறம் ஏனுங்க நிக்கறப்பத் தடுமாறுது?

எலும்போடு உலோகம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டும். கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்குத் தெரிகிறதா என்பதைக் காட்டாது. நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போக வேண்டும்: கண், உட்காது, பிறகு உடம்பு. உடம்பு என்றால் தசை, தசைநாண், மூட்டைச் சுற்றிய சவ்வு, மூட்டு நார்கள், உள்ளங்கால் தோல் ஆகியவற்றில் உள்ள நுண்ணிய உணர்விகள். முழு முட்டி மாற்றில் மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வுத் தட்டுகளை எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான வகைகளில் முன்பக்கக் குறுக்கு நாரையும் எடுத்துவிடுகிறார்கள். அங்கிருந்து போய்க்கொண்டிருந்த செய்தி நின்றுபோகும். தேய்ந்த முட்டியோடு பல வருசம் சாய்ந்து நடந்ததில் அந்தச் செய்தி ஏற்கெனவே மங்கித்தான் இருந்திருக்கும். தசையிலும் தசைநாணிலும் உள்ள உணர்விகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கூர்மையாக்குவதுதான் இந்தப் பயிற்சியின் வேலை.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் மாதத்தில் முன்தொடைத் தசையின் வலு, ஆபரேசனுக்கு முன் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. தசை மெலிவதால் மட்டும் வருவதில்லை இது. முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை நரம்பு மண்டலம் அந்தத் தசையை முழுதாக வேலை செய்ய விடாது. அதனால் ஐஸ் வைப்பதும், குதிகாலுக்கடியில் தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுப்பதும் தள்ளாட்டத்துக்கும் சேர்த்துச் செய்யும் வைத்தியம்தான். முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். மடங்கியபடியே பழகிய முட்டி, நிற்கும்போது சீக்கிரம் களைத்துப்போகும்.

தொடைக்குப் பலம் வந்துட்டாத் தன்னால நிக்க வந்துருமில்லீங்க?

பாதி வரும். உட்கார்ந்து காலை நீட்டி 2 கிலோ தூக்குகிறவர்கூட வாசலில் ஒரு சரளைக்கல்லை மிதித்ததும் சாய்ந்துவிடுவார். கல் தட்டியதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தசை சுருங்க வேண்டும். அது பலத்தைவிட நேரம் சம்பந்தப்பட்ட விசயம், நின்றுகொண்டு பழகினால்தான் வரும். வழக்கமான பயிற்சியோடு சமநிலைப் பயிற்சியையும் சேர்த்தவர்களுக்கு நிற்பதும் நடப்பதும் மேம்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலியில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆகவே வலி குறையும் என்று நம்பி இதைச் செய்யாதீர்கள். விழாமல் இருக்கச் செய்யுங்கள்.

எப்பருந்து ஆரம்பிக்கலாமுங்க?

வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கும் நாளிலிருந்தே. பெரும்பாலோருக்கு அது ஆபரேசன் அன்றோ மறுநாளோ வந்துவிடும். அன்று மட்டும் ஒரு எச்சரிக்கை: வலி தெரியாமல் இருக்கத் தொடை நரம்புக்கு ஊசி போட்டிருந்தால், அது இறங்கும்வரை கால் சொன்னபடி கேட்காது. வலிதான் இல்லையே என்று தனியாகப் பாத்ரூமுக்கு எழுந்து போகக் கூடாது.

முதல் இரண்டு வாரம், தையல் பிரிக்கும்வரை, இரண்டு கையும் பிடித்தபடி எடையை மாற்றிப் பழகுவது மட்டும். 2 முதல் 6 வாரத்தில் பாதங்களை நெருக்கி வைத்து நிற்பதும், பக்கவாட்டில் நடப்பதும். கையை விட்டு ஒற்றைக்காலில் நிற்பது, மெத்தென்ற தரை, தடை தாண்டுவது எல்லாம் 6 வாரத்துக்கு மேல். கணக்கு எல்லாருக்கும் ஒன்றாக இராது. வாரத்தைப் பார்த்து மேலே போகாதீர்கள். கீழே சொல்லும் தேர்ச்சியைப் பார்த்துப் போங்கள்.

மொதல்ல என்ன பண்றது, அடுத்து என்ன பண்றதுன்னு வெவரமாச் சொல்லுங்க.

உங்களைத் தாங்கி நிற்பவை நான்கு: பிடித்திருக்கும் கை, விரிந்த பாதம், திறந்த கண், கெட்டியான தரை. இந்தப் பயிற்சி முழுக்க இவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போவதுதான். ஒரே நேரத்தில் இரண்டைக் குறைக்கக் கூடாது. வீட்டில் பயிற்சி செய்யும்போது இந்த ஒரு விதியை மீறினால் சறுக்கல் வரும். கையை விட்ட அன்றே கண்ணையும் மூடிப் பார்ப்பார்கள்.

இடம்: சமையல் மேடைக்கு முன்னால். பின்னால் கனமான மரநாற்காலி ஒன்று. பிளாஸ்டிக் சேர் உதவாது, சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும். பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து, இரண்டு கையும் மேடைமேல் ஊன்றி, எடையை மெல்ல ஆபரேசன் ஆன காலுக்கு மாற்றி 5 வினாடி நிறுத்தி, திரும்ப நடுவுக்கு வாருங்கள். 10 முறை. பிறகு குதிகாலையும் விரலையும் தூக்காமல் எடையை முன்னும் பின்னும் 10 முறை. முட்டி பின்னால் பூட்டிக்கொள்ளவும் கூடாது, மடங்கி நிற்கவும் கூடாது. நேராக, பூட்டு மட்டும் விட்டதுபோல இருக்க வேண்டும். அடுத்து இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து நிற்பது. அடுத்து அரையடி முன்பின்: ஒரு காலின் குதிகால் மறு காலின் பெருவிரலுக்குப் பக்கத்தில். அடுத்து ஒரே கோட்டில், குதிகாலும் விரல்நுனியும் தொட. கடைசியில் ஒற்றைக்கால். ஒவ்வொரு நிலையிலும் முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு இரண்டு விரல், பிறகு மேடைக்கு மேலே தொடாமல் கை. ஒவ்வொன்றும் 30 வினாடி, 3 முறை. மூன்று முறையும் மேடையைத் தொடாமல் நின்றுவிட்டால் அடுத்த நிலைக்குப் போகலாம். ஒற்றைக்காலுக்கு மட்டும் வேறு கணக்கு, பின்னால் வருகிறது. மொத்தம் 10 முதல் 15 நிமிடம், காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை.

கவனிக்க வேண்டிய பிழைகள்: கால்விரலால் தரையைக் கவ்வுவது, மூச்சைப் பிடித்துக்கொள்வது, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி நிற்பது, தரையையே பார்ப்பது. எதிர்ச் சுவரில் கண்மட்டத்தில் காலண்டர் இருந்தால் அதைப் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். சேலையோ நைட்டியோ கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும்.

ரெண்டு கால்லயும் சமமா ஊணறனான்னு எனக்கு எப்படீங்க தெரியும்?

தெரியாது, அதுதான் சிக்கலே. வருசக்கணக்காக நல்ல காலில் சாய்ந்து நின்றவருக்கு அந்தச் சாய்வே நேராகத் தெரியும். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தால் போதும். அதே உயரத்துக்கு ஒரு ஆடாத பலகையைப் பக்கத்தில் வைத்து, ஆபரேசன் ஆன காலை மெஷின் மேலும் மற்றதைப் பலகை மேலும் வைத்து, மேடையைப் பிடித்து ஏறுங்கள். பிடியைத் தளர்த்தியதும் முள்ளைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். 70 கிலோ ஆளுக்கு 35 காட்ட வேண்டும். 25 காட்டினால் 10 கிலோ மறுபக்கம் போயிருக்கிறது. 35 காட்டும்வரை எடையை மாற்றி, அந்த நிலை உடம்பில் எப்படி இருக்கிறது என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு பார்க்காமல் நின்று, ஊகித்துச் சொல்லி, அதன்பின் முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாற்காலியிலிருந்து எழும்போதும் இதே திருட்டு நடக்கும். ஆபரேசன் ஆன காலை முன்னால் நீட்டிவிட்டு நல்ல காலிலேயே எழுவார்கள். முதல் சில வாரம் வலிக்காக அப்படி எழுவது சரி. அதன்பின் இரண்டு குதிகாலையும் ஒரே கோட்டுக்கு இழுத்துவைத்து எழப் பழகாவிட்டால், அந்தக் கால் வேலையே செய்யாமல் தப்பித்துக்கொள்ளும்.

அமுச்சி பண்றப்பப் பக்கத்துலயே நிக்கறேனுங்க. கையப் புடிச்சுக்கிட்டாப் போதுமா?

கையைப் பிடிக்காதீர்கள். விழும்போது கையை இழுத்தால் தோள்தான் பிசகும், ஆள் நிற்கமாட்டார். ஆபரேசன் ஆன காலின் பக்கம், ஒரு அரையடி பின்னால் நில்லுங்கள். இடுப்பில் அகலமான பெல்ட்டோ இறுக்கிக் கட்டிய துண்டோ இருக்கட்டும். உங்கள் கை அதை ஒட்டியே இருக்க வேண்டும், சாய்ந்தால் மட்டும் பற்றிக்கொள்ள. சும்மா தாங்கிக்கொண்டே இருந்தால் பாட்டியின் கால் கற்றுக்கொள்ளாது, உங்கள் கைதான் பயிற்சி செய்யும். நிற்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். பேச்சுக்கான பயிற்சி பின்னால் வருகிறது.

கண்ண மூடிக்கிட்டுப் பண்ணச் சொல்றாங்க. பயமா இருக்குதுங்க.

பயப்படுவது நியாயம். அதனால் நின்றுகொண்டு ஆரம்பிக்க வேண்டாம், உட்கார்ந்து ஆரம்பியுங்கள். உயரமான நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்து, கண் திறந்தபடி முட்டியைப் பாதி நீட்டி 5 வினாடி வையுங்கள். கால் எங்கே இருக்கிறது என்று உணருங்கள். இறக்குங்கள். இப்போது கண்ணை மூடி அதே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் சுவரில் சாக்பீஸால் முதல் இடத்தையும் இரண்டாவது இடத்தையும் குறிக்கட்டும். கண்ணைத் திறந்து பார்த்தால் எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று தெரியும். பாதி, முக்கால், கால் என்று உயரத்தை மாற்றி 10 முறை. நல்ல காலிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். முட்டியின் உணர்வை நேரடியாகத் தீட்டும் பயிற்சி இதுதான். ஆபத்து இல்லை, வீக்கம் கூடுவதும் அரிது. ஆனாலும் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

நின்றுகொண்டு கண்ணை மூடுவது, பாதம் ஒட்டிய நிலையில் கைவிட்டு 30 வினாடி தேறிய பிறகு. அப்போது பாதத்தை மறுபடி விரித்து, இரண்டு விரல் மேடையில் வைத்து 5 வினாடியிலிருந்து தொடங்குங்கள். விரல்நுனி எடை தாங்காவிட்டாலும், அந்தத் தொடுதலே மூளைக்கு ஒரு செய்தி.

மெத்துமெத்துன்னு இருக்கறதும்மேல நிக்கோணுமாமே. அதுக்குப் பலகை, பந்து எல்லாம் காசு போட்டு வாங்கோணுங்களா?

வேண்டாம். அறுபது, எழுபது வயதில் முட்டி மாற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஆடும் பலகை தேவைப்படுவதே இல்லை. வீட்டில் தனியாக அதில் ஏறுவது ஆபத்தும்கூட. பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தேங்காய் நார் மெத்தையில் 2 அங்குலக் கனத்தில் ஒரு துண்டு, இரண்டு பாதமும் தாராளமாக அடங்கும் அளவுக்கு, போதுமானது. அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு கட்டாயம். சுவர் இரண்டும் சேரும் மூலையில் முதுகு காட்டி நின்று, முன்னால் மரநாற்காலியை வைத்துக்கொள்ளுங்கள்.

பவானி ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். மொசைக், டைல்ஸ் தரையில் அது நழுவும். அதேபோல் நடைவழியில் ஓரம் சுருண்ட மிதியடி, விரிப்பு எதுவும் முதல் மூன்று மாதம் வேண்டாம்.

ஒத்தக்கால்ல எத்தன நேரம் நிக்கோணுமுங்க? எனக்கு 70 வயசு.

கையை விட்டு 5 வினாடிகூட நிற்க முடியாவிட்டால் விழுந்து அடிபடும் ஆபத்து அதிகம் என்று கொள்ளலாம். முதல் இலக்கு 5, அடுத்தது 10. அதற்கு மேல் 20 வந்தால் மகிழ்ச்சி. நல்ல கால் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் உங்களுக்கான அளவுகோல். இளம் வயதுப் பேரனோடு போட்டி போட வேண்டாம்.

நிற்க முடியாததற்கு முட்டி காரணமாக இல்லாமலும் இருக்கலாம். கண்ணாடியில் பாருங்கள்: ஒற்றைக்காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு கீழே இறங்கினால், இடுப்பின் பக்கவாட்டுத் தசை சோர்ந்திருக்கிறது. மேடையைப் பிடித்து, உடம்பைச் சாய்க்காமல், காலை நேர் பக்கவாட்டில் ஒரு அடி தூக்கி 3 வினாடி நிறுத்தி இறக்குங்கள். இரண்டு காலிலும் 10 முறை, 2 சுற்று. முட்டியையே மாதக்கணக்கில் கவனித்துவிட்டு இடுப்பை மறந்தவர்கள் நிறையப் பேர்.

10 வினாடி தேறியதும் தரையில் சாக்பீஸால் கோலப்புள்ளி போல மூன்று புள்ளி வையுங்கள்: முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு அடி தூரத்தில். ஆபரேசன் ஆன காலில் நின்று, மறு கால்விரலால் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுத் திரும்புங்கள். எடையைப் புள்ளிமேல் போடக் கூடாது, தொட மட்டும். 5 சுற்று.

செருப்புப் போட்டுக்கிட்டா, வெறுங்கால்லயா?

உள்ளங்கால் உணர்வு நன்றாக இருப்பவர்கள் உலர்ந்த தரையில் வெறுங்காலில் செய்யலாம், செய்தி நன்றாகப் போகும். நடப்பதற்குக் குதிகாலில் வார் உள்ள செருப்பு. தேய்ந்த ரப்பர் செருப்பைக் கழற்றி எறியுங்கள். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸில் நிற்கவே கூடாது.

சக்கர 15 வருசமா இருக்குதுங்க. உள்ளங்கால் மதமதன்னு பஞ்சுமேல நிக்கற மாதிரி இருக்குது.

அப்படியானால் உங்களுக்கு முட்டியிலிருந்தும் செய்தி குறைவு, பாதத்திலிருந்தும் குறைவு. மேலே சொன்ன நான்கில் கண்ணை உங்களிடமிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் அதிகம் இராது. நின்றுகொண்டு கண்ணை மூடும் பயிற்சியையும் மெத்தைத் துண்டையும் பிசியோ பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம். உட்கார்ந்து கண்மூடிச் செய்வதைத் தாராளமாகச் செய்யலாம். வெறுங்கால் பயிற்சி உங்களுக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் பாதத்தில் கொப்புளம், கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை விளக்கு எரியட்டும்.

பாத உணர்வை, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும் அதிரும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் டாக்டர் சில நிமிடத்தில் சோதித்துவிடுவார். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை பல வருசமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் மதமதப்பைத் தரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும்.

எந்திரிச்சு நின்னாத் தல கிறுகிறுங்குது. இதும் முட்டியாலதானுங்களா?

இல்லை. வலிக்குக் கொடுக்கும் டிரமடால், பிரிகாபலின், தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாமே இதைச் செய்யும். மாத்திரைச் சீட்டை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை 20 முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுங்கள். படுக்கையில் புரளும்போது மட்டும் அறையே சுற்றுகிறது என்றால் அது உட்காதுச் சங்கதி, காது டாக்டரைப் பாருங்கள்.

பயிற்சி பண்ணுனதுக்கப்பறம் முட்டி வீங்கிக்குதுங்க. நிறுத்தீரட்டுமா?

அளந்து பாருங்கள். முட்டிச்சில்லின் நடுவே தையல் டேப்பால் காலையில் எழுந்ததும் சுற்றளவு எடுத்து எழுதிவையுங்கள். மறுநாள் காலை 1 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். நிறுத்த வேண்டாம், பாதியாகக் குறையுங்கள், ஒரு நிலை கீழே இறங்குங்கள், பயிற்சி முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம். வலிக்கும் இதே கணக்கு: பத்துக்கு மூன்று நான்கு என்ற அளவில் வந்து கொஞ்ச நேரத்தில் அடங்கினால் சரி, மறுநாள்வரை நீடித்தால் அதிகம். முட்டியில் டக் டக் என்ற சத்தம் மட்டும் கேட்டு, வலியும் வீக்கமும் இல்லையென்றால், உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுவதுதான் அது. தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும் வழக்கமானதே.

கெண்டைக்கால் கெட்டியாகி வலிப்பது, ஒரு கால் மட்டும் திடீரென வீங்குவது, தையலில் கசிவு, காய்ச்சலோடு முட்டி சிவந்து சுடுவது, இதுவரை நின்ற கால் திடீரென ஊன்ற முடியாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி அன்றே ஆபரேசன் செய்த டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108.

கோலை எப்ப உடலாமுங்க? சொந்தக்காரங்க எல்லாம் இன்னுமா கோல்னு கேக்கறாங்க.

கேட்பவர்கள் கேட்கட்டும். கோல் இல்லாமல் நொண்டுகிறீர்கள், கோலோடு நேராக நடக்கிறீர்கள் என்றால் கோல் இன்னும் தேவை. நொண்டியே நடந்து பழகினால் பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. ஒரு சோதனை: நாற்காலியிலிருந்து 3 மீட்டரில் கோடு போடுங்கள். எழுந்து, இயல்பான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடிக்கு மேல் ஆனால் வெளியே போகும்போது கோலை விட வேண்டாம். கோல் ஆபரேசன் ஆகாத பக்கக் கையில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் இடம்தான் பிடியின் உயரம். அடியில் உள்ள ரப்பர் வழவழப்பாகிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

நேரா நடக்கறப்ப ஒண்ணுமில்லீங்க. திரும்பறப்பத்தான் காலு நிக்கமாட்டேங்குது.

இது கூர்மையான கவனிப்பு. பாதத்தைத் தரையில் ஊன்றியபடியே உடம்பை மட்டும் திருப்பினால் திருகல் முழுவதும் முட்டியில் விழும். பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்குத் தறி திரும்பித் திரும்பி வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கும். திரும்பும்போது நான்கைந்து சின்ன அடியாக வைத்து, பாதமும் இடுப்பும் சேர்ந்தே திரும்ப வேண்டும். மேடை அருகே முழுவட்டம் வலப்பக்கம் 5, இடப்பக்கம் 5. பொதுவாக ஆபரேசன் ஆன கால் உள்பக்கமாக வரும் திருப்பம் கடினமாக இருக்கும், அதை மெதுவாகச் செய்யுங்கள்.

அது கைவந்த பிறகு கவனத்தைப் பிரிக்கலாம். நடந்துகொண்டே 100-லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணுங்கள். முக்கால் சொம்புத் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோங்கள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பிப் பதில் சொல்லிக்கொண்டே நடங்கள். எண்ணும்போது நடை நின்றுபோகிறது என்றால், சந்தையிலும் கல்யாண மண்டபத்திலும் தனியாக நடக்க இன்னும் நாள் இருக்கிறது.

டவுன் பஸ்ல ஏறி எறங்க முடியுங்களா?

வீட்டுப் படி 6, 7 அங்குலம் இருக்கும். பஸ்ஸின் முதல் படி பல வண்டிகளில் அதைப்போல இரண்டு மடங்குக்கு வரும். 4 அங்குலப் படியில் தொடங்கி, 6, 8 என்று கூட்டிக்கொண்டு போங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேசன் ஆன கால் முதலில். இறங்குவதை 3 வினாடி எடுத்து மெதுவாகச் செய்யப் பழகுங்கள், பொத்தென்று விழுவதுபோல் இறங்கினால் தொடைத் தசை இன்னும் தயாராகவில்லை. பஸ்ஸில் பையைத் தோளில் குறுக்காக மாட்டி இரண்டு கையையும் காலியாக வையுங்கள். உட்கார்ந்த பிறகு வண்டியை எடுக்கும்படி கண்டக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள். இரட்டைக் குவியக் கண்ணாடி போடுகிறவர்கள் இறங்கும்போது தலையைக் குனிந்து மேல் பகுதி வழியாகப் படியைப் பார்க்க வேண்டும், கீழ்ப் பகுதியில் படி கலங்கலாகத் தெரியும்.

தோட்டத்துக்கு எப்பங்க போலாம்? மாட்டப் பாக்க ஆளில்லீங்க.

கோலில்லாமல் நொண்டாமல் நடந்து, ஆபரேசன் ஆன காலில் 10 வினாடி நின்ற பிறகு. பெரும்பாலோருக்கு மூன்று மாதம் ஆகும். வரிசை இது: வாசல், பிறகு வண்டித்தடம், பிறகு உழாத காடு, பிறகு உழுத காடு, கடைசியாக வரப்பு. தண்ணீர் பாய்ந்த வரப்பில் அந்த வாரம் நடக்காதீர்கள். தென்னந்தோப்பில் மட்டையைவிடச் சொட்டுநீர்க் குழாய்தான் அதிகம் தடுக்கும், நிழலில் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வீட்டிலேயே பழகலாம்: துண்டைச் சுருட்டி 4 அங்குல உயரத்துக்கு வைத்து, முன்பக்கமாகவும் பக்கவாட்டாகவும் பத்துப் பத்து முறை தாண்டுங்கள்.

மாட்டைப் பார்க்கலாம், தீனி போடலாம். கயிற்றைப் பிடிக்காதீர்கள். கன்றுக்குட்டி சட்டென்று ஒரு இழுப்பு இழுத்தால், எதிர்பாராத அந்தத் திசைக்குக் கால் வைக்க உங்கள் முட்டிக்கு இன்னும் தெரியாது. குத்துக்கால் இட்டுப் பால் கறப்பதும் இனி வேண்டாம். காலிங்கராயன் வாய்க்கால், கீழ்பவானி வாய்க்கால் படித்துறைகளில் பாசி இருக்கும், ஓடும் தண்ணீர் கெண்டைக்காலைத் தள்ளும். புண் முழுதாக ஆறும்வரை அந்தத் தண்ணீரில் காலை நனைக்கவே கூடாது.

பழனிக்குப் படியேறி வரேன்னு வேண்டுதலுங்க.

கிட்டத்தட்ட 700 படி. வெட்டிய கல் எல்லாம் ஒரே உயரத்திலும் இராது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை, அதுவும் தொடை களைத்த பிறகு. ஆறு மாதமாவது போகட்டும். அதற்குள் வீட்டில் கைப்பிடியை லேசாகத் தொட்டபடி மூன்று மாடி, படிக்கு ஒரு காலாக மாற்றி மாற்றி வைத்து ஏறி இறங்க முடிய வேண்டும். வெயிலுக்கு முன் ஏறுங்கள். கல் சுட்டால் கால் அவசரப்படும், அவசரத்தில் தவறும். இறங்குவதற்கு விஞ்சோ ரோப்காரோ இருக்கிறது. மருதமலைக்கும் சென்னிமலைக்கும் வண்டிப்பாதை உண்டு.

எங்கூர்லருந்து பிசியோ சென்டர் ரொம்பத் தூரமுங்க.

எல்லா நாளும் போக வேண்டியதில்லை. முதலில் சில தடவை நேரில் கற்றுக்கொண்டு, பிறகு நிலை மாறும்போதெல்லாம் ஒருமுறை காட்டினால் போதும். அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒருவேளை கீழ உழுந்துட்டா எப்படி எந்திரிக்கறதுங்க?

உடனே எழாதீர்கள், உடனே தூக்கிவிடவும் விடாதீர்கள். ஒரு நிமிடம் படுத்தபடி கை, இடுப்பு, கால் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். காலை அசைக்கவே வலித்தால், வளைந்து தெரிந்தால், தழும்பு திறந்திருந்தால் அங்கேயே இருந்து ஆளைக் கூப்பிடுங்கள். அடி இல்லையென்றால், ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, உட்காருங்கள். முட்டி போட்டு எழ முயல வேண்டாம். உட்கார்ந்தபடியே பின்னோக்கி நகர்ந்து வாசற்படிக்குப் போங்கள். இரண்டு கையையும் பின்னால் படியில் ஊன்றி, நல்ல காலால் உந்தி, முதல் படியில் உட்காருங்கள். அங்கிருந்து அடுத்த படி, அங்கிருந்து திண்ணை. அந்த உயரம் வந்துவிட்டால் நாற்காலியில் இருந்து எழுவதுபோல எழலாம். இதை விழுவதற்கு முன்பே பிசியோவிடம் ஒருமுறை செய்து பாருங்கள். எழுந்து நடந்துவிட்டாலும், டாக்டருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

ரெண்டு முட்டியும் ஒண்ணா மாத்துனவங்களுக்கும் இதேதானுங்களா?

வரிசை இதேதான், வேகம் குறைவு. சாய்ந்துகொள்ள நல்ல கால் என்று ஒன்று இல்லாததால் வாக்கர் கூடுதல் நாள் இருக்கும். படியில் அப்போதைக்கு வலுவாகத் தெரியும் காலை நல்ல கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டியை மட்டும் மாற்றி மறு முட்டி தேய்ந்திருப்பவர்கள், ஒற்றைக்கால் பயிற்சியைத் தேய்ந்த காலிலும் செய்யலாம். அந்தப் பக்கம் வலித்தால் கையைப் பிடித்துக்கொண்டு நேரத்தைப் பாதியாக்குங்கள்.

எத்தன மாசத்துக்குங்க இது? உட்டாப் போயிருமா?

மூன்று மாதம் ஊன்றிச் செய்ய வேண்டும். ஒரு வருசம்வரை மேம்பாடு வந்துகொண்டிருக்கும். அதன்பின் தனியாக நேரம் ஒதுக்க முடியாவிட்டால், பல் விளக்கும்போது ஒரே கோட்டில் நிற்பது, பால் காயும்போது மேடையோரம் ஒற்றைக்கால் என்று வேலையோடு சேர்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை 3 மீட்டர் சோதனையையும் ஒற்றைக்கால் வினாடியையும் காலண்டரில் குறியுங்கள். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டு நிலை கீழே இறங்கி, கையைப் பிடித்தபடி ஆரம்பியுங்கள்.